முதல் 500 பேருக்கு மட்டும்!
வீட்டில் கட்டும் பந்தயக் காரும், கலிபோர்னியாவின் புகைச் சட்டமும்

ஒரு காரின் வயதை எப்படிக் கணக்கிடுவது?

"இது என்ன கேள்வி? எந்த வருஷம் செய்தார்களோ, அந்த வருஷத்துக் கார்" என்று சொல்வீர்கள். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் அதுதான் சரி. ஆனால் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. அங்கே போன மாதம் பூட்டி முடித்த காரை, "இது 1965ஆம் வருஷத்துக் கார்" என்று சர்க்காரே எழுதிக் கொடுக்கும். திருட்டுத்தனமாக அல்ல. சட்டப்படி!

1965 என்று எழுதிவிட்டால், புகைப் பரிசோதனை கிடையாது. எக்ஸாஸ்ட் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி வேண்டாம். பழைய காலத்து என்ஜினைப் போலவே ஓட்டிக்கொள்ளலாம்.

ஆனால் இந்தச் சலுகை ஆண்டுக்கு 500 கார்களுக்கு மட்டும். 501ஆவது காரைக் கொண்டுவருகிறவர், அதே காரை, அதே என்ஜினோடு கொண்டுவந்தாலும், அவருக்குச் சட்டம் வேறு.

ஏன் 500? 600 ஏன் இல்லை? ஒன்றுமே இல்லை என்று ஏன் சொல்லவில்லை? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், முதலில் அந்தக் கார் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

பெட்டியில் வரும் கார்

அமெரிக்காவில் காரை முழுதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. துண்டு துண்டாகவும் வாங்கலாம். இரும்புச் சட்டம், பிளாஸ்டிக் கலந்த கண்ணாடி நாரில் செய்த மேல்கூடு, அலுமினியத் தகடுகள், விளக்கு, ஒயர், ஆணி எல்லாம் பெட்டி பெட்டியாக வீட்டு வாசலில் வந்து இறங்கும். கூடவே தடியான விளக்கப் புத்தகம். வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ராத்திரிகளிலும் உட்கார்ந்து பூட்ட வேண்டும். "கிட் கார்" என்று இதற்குப் பெயர்.

இந்தத் தொழிலில் பெயர்பெற்ற கம்பெனிகளில் ஒன்று ஃபேக்டரி ஃபைவ். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வேர்ஹாம் என்ற ஊரில் இருக்கிறது. 1995இல் தொடங்கியது. பழைய ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்றை வாங்கிப் பிரித்து, அதன் என்ஜினையும் அச்சையும் புது உடம்பில் ஏற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அந்தக் கம்பெனி சொன்ன வழி. அதனால் சாதாரணச் சம்பளக்காரர்கூட ஆசைப்பட முடிந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்று. பெட்டியில் என்ஜின் வராது. என்ஜினை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். சட்டச் சிக்கல் முளைப்பது இந்த இடத்தில்தான்.

கோழிப்பண்ணைக்காரர்

கிட் கார்களில் அதிகம் பேர் ஆசைப்படுவது "கோப்ரா" என்ற காரின் நகலை. கோப்ரா என்றால் நாகப்பாம்பு. இந்தப் பாம்பைப் பிறப்பித்தவர் கரோல் ஷெல்பி.

ஷெல்பி டெக்சாஸ்காரர். கோழிப்பண்ணை வைத்து நஷ்டப்பட்டவர். பண்ணையில் போட்டிருந்த அழுக்கு மேலாடையோடு ஒருநாள் பந்தயத்துக்குப் போனார். அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது. 1959இல் பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ராய் சால்வடோரியோடு சேர்ந்து ஜெயித்தார். அடுத்த ஆண்டே இருதய நோய் அவரைப் பந்தயத்திலிருந்து இறக்கிவிட்டது.

ஓட்ட முடியாவிட்டால் என்ன, செய்யலாமே என்று நினைத்தார். இங்கிலாந்தில் ஏ.சி. என்ற சிறு கம்பெனி, இலேசான, அழகான கார் ஒன்றைச் செய்துவந்தது. அந்தக் காருக்கு என்ஜின் கொடுத்துவந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். உடம்பு இருக்கிறது, இருதயம் இல்லை! அதே சமயம் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி எட்டு சிலிண்டர் கொண்ட, கனம் குறைந்த புது என்ஜினைச் செய்திருந்தது. ஷெல்பி இரண்டையும் முடிச்சுப் போட்டார். 1962இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் ஒரு பட்டறையில், சில மணி நேரத்தில் என்ஜின் ஏறியது. கோப்ரா பிறந்தது.

முதலில் கையில் இருந்தது ஒரே ஒரு கார். பத்திரிகைக்காரர்கள் வரும்போதெல்லாம் அதற்கு வேறு வேறு வர்ணம் அடித்துக் காட்டினார்கள். "நிறையக் கார் செய்கிறார்கள் போலிருக்கிறது" என்று எல்லோரும் நம்பினார்கள். ஷெல்பி நல்ல வியாபாரி என்பதில் சந்தேகமில்லை.

1965இல் இந்தக் கார் பெராரியைத் தோற்கடித்து உலகப் பந்தயப் பட்டத்தை வாங்கியது. ஆனால் மொத்தமாகச் செய்தவை ஏறக்குறைய ஆயிரம் கார்கள்தான். அந்த முதல் கார் 2016இல் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அசலை யார் வாங்க முடியும்? ஆகவேதான் நகல்.

ஒரு தலைமயிரில் பாதி

இப்போது என்ஜினுக்கு வருவோம்.

நகல் கோப்ராக்களில் நெடுங்காலமாக அதிகம் ஏறுவது ஃபோர்டின் "302" என்ஜின். 302 என்பது கன அங்குலக் கணக்கு. சிலிண்டரின் குறுக்களவு 4 அங்குலம். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 3 அங்குலம். அப்படி எட்டு சிலிண்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் 302 கன அங்குலம் வரும். லிட்டரில் சொன்னால் 4.9 சொச்சம். ஆனால் ஃபோர்டு கம்பெனி "5.0" என்று எழுதி ஒட்டியது. வியாபாரம்!

பழைய மஸ்டாங்கிலிருந்து கழற்றிய 302, எண்ணெயும் கரியும் அப்பிக்கொண்டு வரும். அதை முதலில் கடைசிப் போல்ட் வரை பிரித்துவிடுவார்கள். வார்ப்பிரும்புக் கட்டையைச் சூடான மருந்துத் தண்ணீரில் போட்டுக் கழுவுவார்கள். வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, காந்தமேற்றி இரும்புப் பொடியைத் தூவுவார்கள். வெடிப்பு இருந்தால் பொடி அந்தக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகூட அகப்பட்டுவிடும்.

பிறகு சிலிண்டரைக் கடைந்து, உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போடுவார்கள். வழவழவென்று இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. அந்தக் கீறல்களில்தான் எண்ணெய் தங்கும். கொத்தாத அம்மியில் மசாலா அரைபடாது, அதுபோலத்தான் இதுவும்.

பிஸ்டனைச் சுற்றிப் போடும் ரிங்கு முழு வளையம் அல்ல. ஓர் இடத்தில் வெட்டு இருக்கும். அந்த இடைவெளிக்கும் கணக்கு உண்டு. சிலிண்டரின் குறுக்களவு அங்குலம் ஒன்றுக்கு, அங்குலத்தில் ஆயிரத்தில் 4 பங்கு. இந்த என்ஜினுக்கு ஆயிரத்தில் 16 பங்கு. ஐந்து தலைமயிரைச் சேர்த்து வைத்த கனம். இதைவிடக் குறைந்தால், என்ஜின் சூடாகி ரிங்கு நீளும்போது இரண்டு முனையும் முட்டிக்கொள்ளும். ரிங்கு உடையும், சிலிண்டர் பாழ். அதிகமானால் புகை கீழே இறங்கும், சக்தி குறையும். ஆகவே ஒவ்வொரு ரிங்காக எடுத்து, சிலிண்டருக்குள் வைத்து அளந்து, அரத்தால் தேய்த்து, மறுபடி அளந்து பார்ப்பார்கள். எட்டு பிஸ்டனுக்கும் இதே வேலை. ஒரு முழு ராத்திரி போய்விடும்.

சைக்கிள் மிதிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். கால் மேலும் கீழும் போகிறது, சக்கரம் சுற்றுகிறது. என்ஜினில் பிஸ்டன்தான் கால். பெடல் தண்டுக்குப் பதில் கிராங்க் ஷாப்ட். அது பேரிங்குகளில் உட்கார்ந்து சுழலும். பேரிங்குக்கும் ஷாப்ட்டுக்கும் நடுவே எண்ணெய்க்கு இடம் விட வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, அல்லது ஒரு துளி அதிகம். ஒரு தலைமயிரைவிடக் குறைவு!

அதை எப்படி அளப்பது? மெழுகு போன்ற ஒரு மெல்லிய நூல் விற்கிறது. ஷாப்ட்டின் மேல் ஒரு துண்டு வைத்து, மூடியைப் போட்டு முடுக்கி, மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும். நூல் நசுங்கி அகலமாகி இருக்கும். எவ்வளவு அகலமோ அவ்வளவு நெருக்கம். அகலத்தை அளக்கும் தாள் கூடவே வரும். இவ்வளவு பெரிய இரும்பு வேலையில் இவ்வளவு எளிய சாதனம்!

முடுக்குவதிலும் அளவு உண்டு. "இறுக்கிப் பிடித்தேன்" என்றால் போதாது. எவ்வளவு பலத்தில் முடுக்கினோம் என்று காட்டும் ஸ்பேனர் இருக்கிறது. கிராங்க் ஷாப்ட் மூடிக்கு 60 முதல் 70 அடி-பவுண்டு. பிஸ்டன் தண்டின் போல்ட்டுக்கு 19 முதல் 24. மேல் ஹெட்டுக்கு 65 முதல் 72. ஹெட்டு போல்ட்டுகளை நடுவில் தொடங்கி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வெளியே போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் ஹெட்டு நெளியும், தண்ணீர் ஒழுகும்.

ஏன் இத்தனை கவனம்? நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் ஒரே விநாடியில் நூறு தடவை மேலே போய் நூறு தடவை கீழே வருகிறது. ஒரு போல்ட் தளர்ந்தால் போதும். தண்டு கட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

ஒரே என்ஜினில் இரண்டு காலம்

302இல் இன்னொரு விசித்திரம். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு என்ஜின், உள்ளே வேறு வேறாக இருக்கும்.

1980க்கு முந்திய 302இல் கிராங்க் ஷாப்ட்டின் ஆட்டத்தைச் சமன்செய்ய பிளைவீலில் வைத்த எடைக்கு "28" என்று கணக்கு. 1980களின் தொடக்கத்தில் அது "50" ஆக மாறியது. பழைய ஷாப்ட்டில் புது பிளைவீலை மாட்டினால் கச்சிதமாகப் பொருந்தும். என்ஜினும் கிளம்பும். ஆனால் காய்ச்சல்காரன்போல நடுங்கும். சில நாளில் பேரிங்கு போய்விடும்.

பிளக் தீப்பொறி விடும் வரிசையும் அப்படித்தான். பழையதில் 1-5-4-2-6-3-7-8. பின்னால் வந்த சக்தி மிகுந்த 302இல் 1-3-7-2-6-5-4-8. பட்டறையில் பத்து வருஷம் பழகிய கைகூட ஒயரை மாற்றிச் செருகிவிடும். என்ஜின் கார்புரேட்டர் வழியாகத் திருப்பிச் சீறும்போதுதான் தெரியும்.

எண்ணெய் விஷயம் இன்னும் சுவையானது. பழைய மாதிரி கேம் ஷாப்ட்டுக்கு, எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த மருந்து வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் உலோகத்தைத் தேய்த்துத் தின்றுவிடும். ஆனால் அதே பாஸ்பரஸ், புது கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கருவியைக் கெடுக்கிறது. ஆகவே எண்ணெய்க் கம்பெனிகள் அதைக் குறைத்துவிட்டன. கடையில் கிடைக்கும் நல்ல எண்ணெயை ஊற்றினால் பழைய என்ஜின் கெடுகிறது. பழைய என்ஜினுக்கு ஏற்ற எண்ணெயை ஊற்றினால் புதுக் கார் கெடுகிறது. காற்றைக் காப்பாற்றப் போட்ட சட்டம், எண்ணெய் டப்பா வரைக்கும் வந்து நிற்கிறது.

முதன்முதலில் கிளப்பும் நாள் ஒரு பிரசவம்தான். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் நீளக் கம்பியை விட்டு, துளைபோடும் மின்சார யந்திரத்தால் எண்ணெய் பம்ப்பைச் சுற்றுவார்கள். என்ஜின் முழுக்க எண்ணெய் ஏறிய பிறகுதான் சாவி. பழைய மாதிரி கேம் ஷாப்ட் என்றால், கிளம்பியதும் மெதுவாக ஓடவிடக் கூடாது. 2,000 சுற்றுக்கு மேல் இருபது, முப்பது நிமிஷம் விடாமல் ஓட வேண்டும். அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அலங்காரமும் சாட்சிதான்

என்ஜின் ஓடினால் மட்டும் போதாது. மூடியைத் திறந்தால் கண்ணைப் பறிக்க வேண்டும்.

கட்டைக்கு ஃபோர்டு நீலம். வால்வு மூடிக்கு வரிவரியான அலுமினியம்; அதில் "கோப்ரா" என்று எழுத்து. நடுவில் கார்புரேட்டர், அதன் தலையில் முட்டை வடிவக் காற்று வடிகட்டி. பிளக் ஒயர்கள் ஒன்றையொன்று தொடாமல் வரிசையாகப் போகும். போல்ட்டுத் தலைகள்கூட மெருகேறி இருக்கும். 1960களில் எந்தக் குழாயை எந்தக் கிளிப்பால் பிடித்திருந்தார்களோ அதே கிளிப்பைத் தேடி அலைகிறவர்கள் உண்டு.

வெறும் படாடோபம் என்று தோன்றலாம். ஆனால் இந்த அலங்காரத்துக்குச் சட்ட மதிப்பும் இருக்கிறது. கலிபோர்னியாவில் பரிசோதகர் வந்து, "இந்தக் கார் எந்தக் காலத்துக் காரைப் போல இருக்கிறது? இந்த என்ஜின் எந்தக் காலத்து என்ஜினைப் போல இருக்கிறது?" என்றுதான் பார்க்கிறார். "போல" என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது.

கண்ணெரிச்சல் ஊர்

கலிபோர்னியாவுக்கு ஏன் இத்தனை கெடுபிடி?

1943 ஜூலை மாதம். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை ஒருநாள் பழுப்பு மூட்டம் மூடியது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. ஜப்பான் விஷவாயு போட்டுவிட்டது என்று ஜனங்கள் பயந்தார்கள். ஜப்பான் போடவில்லை. ஊரேதான் போட்டுக்கொண்டது.

ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தார். ஹாலந்தில் பிறந்தவர், பசடேனாவில் ஆராய்ச்சி செய்துவந்தார். காரிலிருந்து எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியும், நைட்ரஜன் புகையும் சூரிய வெளிச்சத்தில் சேர்ந்து ஓசோன் என்ற வாயுவாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் நிரூபித்தார். எண்ணெய்க் கம்பெனிகள் ஒப்புக்கொள்ளவில்லை, அவர் விடவில்லை. 1967இல் கலிபோர்னியா காற்றுவள வாரியம் ஏற்பட்டபோது, அதன் முதல் தலைவர் அவர்தான்.

அதற்குச் சற்று முன்பே எக்ஸாஸ்ட் குழாய்க்கு அளவு வந்துவிட்டது. அமெரிக்காவிலேயே முதன்முதலாக, 1966 மாடல் கார்களுக்கு கலிபோர்னியா அந்த விதியைப் போட்டது. ஆகவே கோப்ராக்காரர்கள் விரும்பும் 1965 என்ற ஆண்டைக் கவனியுங்கள். எக்ஸாஸ்ட் குழாய்க்குச் சட்டம் இல்லாத கடைசி ஆண்டு அது!

சட்டம் பலன் தந்ததா? தந்தது. தெற்குக் கலிபோர்னியாவில் 15 வயதுப் பிள்ளைகளின் நுரையீரல் பலத்தைப் பல்கலைக்கழக டாக்டர்கள் வருஷக்கணக்காக அளந்தார்கள். 1990களில் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு நுரையீரல் பலவீனம். காற்று சுத்தமான பிறகு, 2007க்கும் 2011க்கும் இடையே அளந்தபோது நான்குக்கும் கீழே இறங்கிவிட்டது. 2015இல் இது வெளியாயிற்று. புகைச் சட்டத்தை யார் குறைசொன்னாலும், இந்த எண்ணுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

500 வந்த கதை

வீட்டில் கட்டிய கார்களை என்ன செய்வது என்று மோட்டார் இலாகாவுக்கு நெடுநாள் தெரியவில்லை. புதுக் கார் என்றால் புதுக் காரின் புகைவிதி. வீட்டுக் கொட்டகையில் அதை எப்படிச் செய்வது? சிலர் "இது பழைய ஃபோர்டு, 1965" என்று பொய் எழுதிப் பதிவு செய்தார்கள். பின்னால் வழக்கு, அபராதம், மன்னிப்புத் திட்டம் என்று அது வேறு கதை.

2001இல் சட்டசபை ஒரு நடுவழி கண்டது. "எஸ்.பி. 100" என்று பெயர். ஆண்டில் முதலில் வரும் 500 வீட்டுக் கார்களுக்கு, உடம்பின் தோற்றத்தை வைத்தோ, என்ஜினின் தோற்றத்தை வைத்தோ ஆண்டு குறிக்கலாம். எதை வைப்பது என்பது சொந்தக்காரர் இஷ்டம். எந்தக் காரையும் போல இல்லை, எந்த என்ஜினையும் போல இல்லை என்றால் 1960 என்று எழுத வேண்டும்! 1975ஆம் ஆண்டும் அதற்கு முந்தியதுமான கார்களுக்குப் புகைப் பரிசோதனை இல்லை. ஆகவே வேலை முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. கோப்ராவில் ஏறும் 302 என்ஜின் சந்தைக்கு வந்ததே 1968இல்தான். 1965இல் அப்படி ஓர் என்ஜினே கிடையாது. ஆனாலும் உடம்பை வைத்துக் கணக்கிட்டால், அது 1965 கார். பேரன் பிறந்த பிறகு தாத்தாவுக்குப் பெயர் வைத்த கதை!

தேவை அதிகமாக இருந்த ஆண்டுகளில் ஜனவரி பிறந்ததும் வரிசையில் நின்றார்கள். அந்த மாதத்திலேயே 500 எண்ணும் தீர்ந்தது. எண் கிடைத்த பிறகும் வேலை உண்டு. திருட்டுச் சாமான் இல்லை என்று போலீசுக்கு ரசீதுகளைக் காட்ட வேண்டும். புகைப் பரிசோதகரிடம் போக வேண்டும். அந்த அலுவலகங்கள் பெரும்பாலும் கல்லூரி வளாகங்களில் இருக்கின்றன.

யாருக்குச் சலுகை?

500 கார் ஓடுவதால் காற்று கெட்டுவிடுமா?

கலிபோர்னியாவில் பதிவான வண்டிகள் மூன்று கோடிக்கும் மேல். 2002 முதல் வருஷம் தவறாமல் 500 எண்ணும் போயிருந்தால்கூடப் பன்னிரண்டாயிரம் சொச்சம். அவையும் தினசரி ஓடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஓடும். மற்ற நாளில் துணி போர்த்தியிருக்கும். கணக்கைப் பார்த்தால் கடலில் பெருங்காயம்.

ஆனால் ஒரு பழைய கோப்ரா என்ஜின் விடும் புகை சின்னது அல்ல. அமெரிக்க சுற்றுச்சூழல் இலாகாவின் கணக்குப்படி, இன்றையப் புதுக் கார் 1960களின் காரைவிடப் பெரும்பாலான நச்சுப்புகையில் 98, 99 சதவிகிதம் சுத்தம். அதாவது ஒரு பழைய என்ஜின் விடும் புகைக்கு, புதுக் கார்கள் ஐம்பது, நூறு வேண்டும்.

இதைவிடப் பெரிய கேள்வி நியாயம் பற்றியது. ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் ஒருவர் இருபது வருஷத்துப் பழைய கார் வைத்திருக்கிறார். அவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். தவறினால் ரிப்பேர் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பதிவு கிடைக்காது. ஏழைகளுக்கு ரிப்பேர் செலவில் ஒரு பங்கை சர்க்கார் தருகிறது என்பது உண்மை. ஆனாலும் வேலைக்குப் போகிற வண்டிக்குச் சோதனை, பொழுதுபோக்கு வண்டிக்கு விலக்கு என்றால், மனசுக்கு ஒப்பவில்லை.

2025இல் இந்த வாதம் சட்டசபைக்கே வந்தது. 35 வருஷத்துக்கு மேற்பட்ட, தனி இன்சூரன்ஸ் செய்த பழங்காலக் கார்களுக்குப் புகைப் பரிசோதனை வேண்டாம் என்று ஒரு மசோதா. டெலிவிஷன் நகைச்சுவை நடிகர் ஜே லெனோ நேரில் வந்து ஆதரித்துப் பேசினார். பெரிய கார்ப் பிரியர். மசோதாவுக்கே "லெனோ சட்டம்" என்று பெயர் வந்துவிட்டது. மேல்சபை தாண்டியது. ஆகஸ்டில் கீழ்சபையின் நிதிக் கமிட்டியில் நின்றுவிட்டது. புகழ்பெற்ற மனிதர் கேட்டும் கதவு திறக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதி ஓசோனில் இன்னும் அமெரிக்காவிலேயே மோசமான பகுதிகளில் ஒன்றாக இருக்கும்போது, கமிட்டி செய்ததைக் குறைசொல்வது கஷ்டம்.

அதே ஆண்டு ஜூனில் எதிர்த் திசையில் வேறொன்று நடந்தது. 2035 முதல் வெறும் பெட்ரோல் கார்களைப் புதிதாக விற்கக் கூடாது என்று கலிபோர்னியா விதி செய்திருந்தது. அதற்குக் கொடுத்த அனுமதியை அமெரிக்க பாராளுமன்றம் ரத்துசெய்தது. ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்டார். கலிபோர்னியா வேறு பல மாநிலங்களோடு சேர்ந்து கோர்ட்டுக்குப் போயிற்று. ஆனால் அந்தச் சண்டை கம்பெனிகள் விற்கும் புதுக் கார்களைப் பற்றியது. கொட்டகையில் கட்டும் காரின் தலைவிதி அதில் இல்லை; அது 500 என்ற எண்ணில்தான் இருக்கிறது.

கம்பெனிக்கு வேறு நியாயம்

மத்திய சர்க்காரிடமும் ஒரு சட்டம் இருக்கிறது. 2015இல் நிறைவேறியது. 25 வருஷத்துக்கு மேற்பட்ட காரின் நகலை, சிறு கம்பெனிகள் ஆண்டுக்கு 325 வரை முழுக் காராகவே செய்து விற்கலாம். விதிகள் முழுதாக வெளியாக 2022 ஆயிற்று; அதற்குள் வியாபாரிகள் சங்கம் கோர்ட்டுப் படி ஏறிவிட்டது.

அந்தச் சட்டத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. உடம்பு பழைய மாதிரி இருக்கலாம். மோதல் பாதுகாப்பு விதிகளில் விலக்கு பெறலாம். ஆனால் என்ஜின் இன்றையப் புகைவிதிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கம்பெனி செய்தால் புது என்ஜின். தனி மனிதர் செய்தால் பழைய என்ஜினும் போகலாம். இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மத்திய சட்டமே தெளிவாக இருக்கிறது. அழகு உடம்பில் இருக்கட்டும், புகை என்ஜினில் குறையட்டும் என்கிறது.

முடியாத காரியமா அது? இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி "ஈ-ராட்" என்ற பெயரில் புது என்ஜினை, புகைச் சுத்தக் கருவி, கம்ப்யூட்டர், உணர்கருவி எல்லாவற்றோடும் சேர்த்துப் பெட்டியில் விற்றது. கலிபோர்னியாவின் அங்கீகாரம் பெற்றது. வீட்டுக் காரில் அப்படியே ஏற்றலாம். பழைய 302ஐவிடச் சக்தியும் அதிகம்.

ஒரு சங்கடம்தான். அது ஃபோர்டு என்ஜின் அல்ல! கோப்ராவில் ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜினா? கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார்கள் பலர். இரண்டாவது சங்கடம், அது பெட்டியிலிருந்து எடுத்து மாட்டும் என்ஜின். ரிங்கைத் தேய்க்க வேண்டாம். மெழுகு நூல் வேண்டாம். ராத்திரி கண்விழித்துச் செய்த வேலை எல்லாம் மிச்சம். அந்த மிச்சம் அவர்களுக்கு வேண்டாம்! அந்த வேலைக்காகத்தானே இறங்கினார்கள்?

அவர்கள் ஆசையை அலட்சியமாகச் சொல்லிவிடக் கூடாது. எல்லாவற்றையும் மூடி, முத்திரையிட்டு, "பிரிக்காதே" என்று விற்கிற காலம் இது. ஓர் இயந்திரத்தைக் கடைசிப் போல்ட் வரை அறிந்த மனிதர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 302 என்ஜினும் குறைகிறது. மஸ்டாங்கில் அது 1995இலும், எக்ஸ்ப்ளோரர் வண்டியில் 2001இலும் நின்றுவிட்டது. பழைய இரும்புக் கடைகளில் முன்போல் அகப்படுவதில்லை. 2025இல் அமெரிக்க சர்க்கார் வெளிநாட்டு உருக்குக்கும் மோட்டார் சாமான்களுக்கும் வரியை ஏற்றியதில், புது உதிரிகளின் விலையும் கடித்தது.

ஆகவே 500 என்ற எண்ணை எடுத்துவிடவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். 500க்குள் வருகிறவர் பழைய என்ஜினைக் கட்டட்டும். அதற்கு வெளியே நிற்கிறவருக்குச் சுத்தமான என்ஜினைச் சுலபமாகப் பதிவுசெய்ய வழி செய்யலாம். ஃபோர்டு கம்பெனியும் அப்படி அங்கீகாரம் பெற்ற என்ஜின் பெட்டியைத் தாராளமாக விற்றால், பாதி மனஸ்தாபம் தீரும்.

அதுவரை 501ஆவது ஆள் என்ன செய்வார்? எண் தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போய், பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, துவாரங்களை அடைத்து, நீல என்ஜினின் மேல் பிளாஸ்டிக் உறையைப் போர்த்துவார். அடுத்த ஜனவரி வரை அது துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும்.